வெறுங்கால் கென்: இருவகைத் தியாகங்கள்

தியாகம் என்னும் சொல்லை நாம் இருவகைச் செயல்களுக்கு வழங்கி வருகின்றோம். தாயொருத்தி தன் பங்குக் கஞ்சியைப் பிள்ளைக்கு ஊற்றிவிட்டுத் தான் பட்டினி கிடக்கின்றாள். அதனைத் தியாகம் என்கின்றோம். அரசாங்கம் ஊரார் வீட்டுப் பிள்ளைகளைப் போர்க்களத்துக்கு அனுப்பி மடியச் செய்து, மடிந்தவர் பெயரால் விழா எடுக்கின்றது. அதனையும் தியாகம் என்கின்றோம். முன்னதில் கொடுப்பவரும் இழப்பவரும் ஒருவரே. பின்னதில் கேட்பவர் ஒருவர், இழப்பவர் மற்றொருவர். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்து வந்தமையால் உலகம் அடைந்த துன்பம் கொஞ்சமன்று. இவற்றிடையே உள்ள வேற்றுமையைச் சிறுவர்க்கும் விளங்குமாறு எடுத்துக் காட்டிய ஒரு கதையைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அக்கதை ஜப்பானில் தோன்றியது. பள்ளிப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் வாரப் பத்திரிகையில் வெளிவந்த சித்திரக்கதை அது. இவ்வகைக் கதைகளை ஜப்பானியர் மங்கா என்பர். 'ஹதாஷி நோ கென்' என்பது அதன் பெயர். தமிழில் 'வெறுங்கால் கென்' எனலாம். 1973ஆம் ஆண்டில் 'ஷோனென் ஜம்ப்' என்னும் சிறுவர் வார இதழில் தொடங்கிற்று. அவ்விதழில் நின்ற பின்னர் வேறு இதழ்களில் தொடர்ந்து, 1980களில் பத்துப் பாகங்களாக நிறைவெய்திற்று. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது வழங்குகின்றது.

வரைந்தவர் வாழ்க்கை

இதனை வரைந்த கெய்ஜி நாகஸாவா 1939ஆம் ஆண்டு ஹிரோஷிமா நகரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஓவியர். மரச் செருப்புகளுக்கு வண்ணம் தீட்டிக் குடும்பத்தை நடத்தியவர். அரசாங்கத்துக்கு ஆகாத நாடகக் குழுவொன்றில் சேர்ந்திருந்த குற்றத்துக்காகச் சிறை சென்றவர். 1925ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அமைதிப் பாதுகாப்புச் சட்டம், ஆட்சியாளரின் கொள்கைக்கு மாறாக நினைப்பதையே குற்றமாக்கியிருந்த காலம் அது.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 மக்கள் மாண்டனர் என்பது நகராட்சியாரின் மதிப்பீடு. ஆறு வயதுச் சிறுவனான கெய்ஜி அப்பொழுது தன் பள்ளிக்கூட வாயிலில் நின்றான். மதிற்சுவர் ஒன்று அவனை மறைத்தது. ஆதலால் அவன் பிழைத்தான். அவனோடு பேசிக்கொண்டிருந்த மாது கருகி மாண்டாள். வீட்டிலிருந்த தந்தையும், அக்காளும், தம்பியும் இடிந்து விழுந்த கூரையின்கீழ் அகப்பட்டுத் தீயில் வெந்தனர். நிறைமாதக் கர்ப்பிணியான தாய் அன்றே தெருவோரத்தில் ஒரு பெண் மகவை ஈன்றாள். அக்குழந்தையும் சில மாதங்களில் இறந்துபோயிற்று.

நாகஸாவா வளர்ந்து டோக்கியோ சென்று சித்திரக்கதை வரைபவரானார். அணுகுண்டுக்கு ஆளானவர் என்று சொல்லிக்கொண்டால் ஒதுக்கிவைப்பார் மிகுதி. எனவே நெடுநாள் அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை. 1966ஆம் ஆண்டில் அவருடைய தாயார் இறந்தார். உடலை எரித்தபின் உற்றார் கூடி எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் சேர்ப்பது ஜப்பானியர் வழக்கம். நம்மவரும் மறுநாள் சென்று எலும்பு பொறுக்குவது உண்டன்றோ! அத்தாயின் சாம்பலிலோ பொறுக்குவதற்கு எலும்பில்லை, வெண்துகள்களே எஞ்சின. கதிரியக்கம் தாயின் எலும்பையும் தின்றுவிட்டது என்று மகன் கொதித்தார். அன்றுமுதல் அவருடைய தூரிகை அணுகுண்டைப் பற்றிப் பேசத் தொடங்கிற்று. தாயிடம் கொண்ட அன்பும் தாயை இழந்த துயரமும் பேனாவுக்கு மையாயின என்று சொன்னால் மிகையாகாது.

அரசு கேட்ட தியாகம்

கதையின் நாயகனான கென், ஆசிரியரின் இளமையுருவமே. அவனுடைய தந்தை டைகிச்சி போர் தவறென்று வெளிப்படையாகச் சொல்லுபவர். அக்காலத்து ஜப்பானில் தெருதோறும் அண்டைவீட்டார் சங்கங்கள் இருந்தன. பங்கீட்டு அரிசி வழங்குதல் முதல், அண்டை வீட்டார் எண்ணங்களை ஒற்றறிதல் வரை அவற்றின் பணியாயிருந்தது. அச்சங்கத் தலைவரான ஸாமெஜிமா என்பவர் டைகிச்சி குடும்பத்தாரைத் தேசத் துரோகிகள் என்று தூற்றுகின்றார். பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அவமானம். தந்தைக்குக் காவல்நிலையத்தில் அடி. இப்பழியைத் துடைக்கக் கருதி மூத்த மகன் கோஜி, தந்தையின் சொல்லைத் தட்டிக் கடற்படை விமானப் பயிற்சியிற் சேருகின்றான்.

இங்கு இருவகைத் தியாகங்களும் ஒரே வீட்டினுள் எதிர்ப்படுவதைக் காண்கின்றோம். தந்தை தன் மனச்சான்றுக்காக ஊரின் மதிப்பை இழக்கின்றார். மகன் ஊரின் மதிப்புக்காக உயிரையே இழக்க முற்படுகின்றான். மகனும் அன்பினாலேயே செல்லுகின்றான். தம்பி தங்கையர்மீது கல் விழக்கூடாதென்றே செல்லுகின்றான். ஆகவே ஆசிரியர் அவனை இகழவில்லை. குடும்பப் பாசத்தையே கயிறாகத் திரித்து இளைஞரைக் களத்துக்கு இழுத்த ஆட்சி முறையைத்தான் அவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றார். பிள்ளை தானே விரும்பிச் சென்றான் என்று அவ்வாட்சி சொல்லும். விரும்பாமல் இருந்தால் வீட்டார்க்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்லாது.

டைகிச்சி தம் மக்களுக்குக் கோதுமையை உவமையாகக் காட்டுவார். பனிக்காலத்தில் முளைத்த கோதுமை நாற்றைக் காலால் மிதித்து விடுவது ஜப்பானிய உழவர் வழக்கம். மிதிபட்ட நாற்று ஆழமாக வேர்விட்டு, பின் நிமிர்ந்து கதிர் தள்ளும். அவ்வாறே நீங்களும் மிதிபட்டாலும் நிமிருங்கள் என்பது அவர் மக்களுக்கு விட்டுச்சென்ற சொத்து. கென் என்னும் பெயருக்கும் வேர், மூலம் என்பதே பொருள்.

தீயின் முன்னர்

கதையின் நடுநாயகமான காட்சி ஆகஸ்ட் 6ஆம் நாளில் நிகழுகின்றது. வீடு இடிந்து கிடக்கின்றது. தந்தை, அக்காள் எய்கோ, தம்பி ஷின்ஜி மூவரும் உத்திரங்களின்கீழ். கென்னும் தாயும் தூக்கிப் பார்க்கின்றனர், மரம் அசையவில்லை. உதவி கேட்டபோது ஸாமெஜிமா காது கொடாது ஓடுகின்றார். தீ நெருங்குகின்றது. தாயோ, எல்லாரும் சேர்ந்தே மடிவோம் என்று அங்கேயே அமர்ந்துவிட எண்ணுகின்றாள். தந்தை அதற்கு இடங்கொடுக்கவில்லை. தாயையும் வயிற்றிலுள்ள மகவையும் காப்பாற்றுவது உன் கடமை என்று கென்னுக்குக் கட்டளையிட்டு, இருவரையும் துரத்தாத குறையாக அனுப்புகின்றார்.

உடன் மடிவதே உயர்ந்த அன்பு என்று கற்பித்த நாடு அது. நம் நாட்டிலும் கணவனோடு எரிவதைக் கற்பென்று போற்றிய காலம் இருந்தது. இக்கதையிலோ சாகும் தறுவாயிலுள்ள ஒருவர், வாழும்படி பிறருக்குக் கட்டளையிடுகின்றார். விட்டுவிட்டு ஓடுவது இங்கே அன்பின் செயலாகின்றது. தந்தை தம் உயிரைக் கொடுத்தார் என்பதினும், உடன் சாக வந்தவர்களை அதனின்று விடுவித்தார் என்பதே அவர் செய்த தியாகம். ஆயினும் அன்று தப்பிச் சென்றவர் நெஞ்சில் அக்கதறல் என்றும் ஓயாது. கதை முழுதும் கென் சுமக்கும் பாரம் இதுவே.

வரலாற்றில் நடந்ததற்கும் சித்திரத்துக்கும் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. நாகஸாவா அந்நேரத்தில் வீட்டருகே இல்லை. தாய் சொல்லக் கேட்டே அவர் அதனை அறிந்தார். கதையிலோ கென்னை அவ்விடத்திலேயே நிறுத்துகின்றார். தாய் ஒருத்தியாகச் சுமந்த நினைவின் ஒரு பங்கைத் தம் தோளுக்கு மாற்றிக்கொள்ள மகன் செய்த ஏற்பாடு இது என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இழப்பும் அன்பும்

இக்கதையின் உறவுகளை ஊன்றி நோக்குவோர் ஓர் ஒழுங்கைக் காண்பர். கென்னின் புதிய உறவு ஒவ்வொன்றும் ஓர் பழைய இழப்பின் எதிரே நிற்கின்றது. தம்பி ஷின்ஜி மாண்டான். அவன் முகச்சாயலுடைய ரியூட்டா என்னும் அநாதைச் சிறுவன் உணவு திருட வந்து அகப்படுகின்றான். அடித்து விரட்ட வேண்டியவனைக் கென் தம்பியாக ஏற்றுக்கொள்கின்றான். அக்காள் எய்கோ மாண்டாள். அவளைப் போன்றே தோன்றும் நட்சுயே என்னும் பெண்ணைச் சந்திக்கின்றான். முகம் வெந்துபோன அவள் உயிரை விடத் துணிந்தபோது, அவளை வாழ்வின் பக்கம் இழுத்து வருபவன் அவனே. தீயின் முன்னர்ச் செய்ய இயலாது போனதை இவர்களிடம் செய்து தீர்க்க முயலுகின்றான் என்க.

ஸெய்ஜி என்னும் ஓவியரின் கதையும் இத்தகையதே. உடல் முழுதும் வெந்து புண்ணாகிக் கிடக்கும் அவரைச் சொந்த உறவினரே தீண்ட மறுக்கின்றனர். கூலிக்கு வேலை தேடிய கென் அவருக்குப் பணிவிடை செய்ய அமருகின்றான். கூலிக்குத் தொடங்கிய பணி நட்பாகின்றது. கைகள் பயனற்றுப் போனவர் வாயில் தூரிகையைக் கவ்வி மறுபடியும் வரைகின்றார். இரத்த உறவு கைவிட்ட இடத்தில் அயலான் ஒருவன் உறவாவதைக் காட்டுவது இப்பகுதி. சாதியாலும் குடிப்பிறப்பாலும் உறவை அளப்போர் இதனைப் படித்தல் நன்று.

ஆயினும், இழந்ததற்கு ஈடாக மற்றொன்று கிடைத்துவிட்டது என்று ஆறுதல் சொல்லி ஆசிரியர் கதையை முடிக்கவில்லை. தெருவோரத்தில் பிறந்த தங்கை டொமொகோ இறக்கின்றாள். நட்சுயே தன் எலும்பை இடுவதற்கென்று தானே ஒரு மண் கலயம் வனைந்து, பின் நோயுற்று மாளுகின்றாள். தாய் புற்றுநோயால் மறைகின்றாள். இளைஞனான கென் மிட்சுகோ என்னும் பெண்ணின்மேல் காதல் கொள்கின்றான். பழைய படை அதிகாரியொருவரின் மகள் அவள். போரை வெறுக்கும் மகனுக்கும் போரைப் போற்றியவரின் மகளுக்கும் இடையே மலர்ந்த அக்காதலை, குண்டு விட்டுச்சென்ற இரத்தப் புற்றுநோய் கொண்டுபோகின்றது. படை அதிகாரியின் வீடென்று அணுகுண்டின் நஞ்சு விலகிச் செல்லவில்லை.

அவ்வாறாயின் அன்பு செய்து பயனென்ன என்று சிலர் வினவலாம். கென் ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் அழுகின்றான், சினக்கின்றான், மறுநாள் மீண்டும் ஒருவருக்காக உழைக்கின்றான். இழப்பு அன்பைத் தடுக்கவில்லை என்பதே அதன் விடை. இனி எவரையும் நேசியேன் என்று அவன் மனத்தை மூடிக்கொண்டிருந்தால், தந்தை தீயிலிருந்து அவனை அனுப்பியதும் வீணாகியிருக்கும். அவருடைய தியாகம், மகன் பிறர்மேல் செலுத்திய அன்பில்தான் நிறைவேறுகின்றது.

ஒதுக்கப்பட்டவர்

கென் குடும்பத்தாரோடு அன்பு பாராட்டிய அண்டை வீட்டார் பாக் என்னும் கொரியர். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானுக்கு அடிமைப்பட்டிருந்தது. அங்கிருந்து உழைப்புக்கென்று கொண்டுவரப்பட்டோர் பலர் ஹிரோஷிமாவிலும் இருந்தனர். தீயின் நாளில் தாயை அங்கிருந்து அகற்ற உதவுபவர் பாக்கே. ஆனால் வெந்துபோன தம் தந்தையை அவர் சுமந்து சென்றபோது, கொரியனுக்கு மருந்தில்லை என்று விரட்டுகின்றனர். குண்டு பேதம் பாராமல் கொன்றது. மருந்து கொடுக்கும் மனிதன் பேதம் பார்த்தான். ஹிரோஷிமாவில் மாண்ட கொரியருக்கென 1970ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட நினைவுக் கல்லும், நினைவுப் பூங்காவுக்கு வெளியேதான் நிற்க நேர்ந்தது. 1999ஆம் ஆண்டிலேதான் அது பூங்காவினுள் இடம் பெற்றது.

ஸாமெஜிமாவின் பின்கதையையும் இங்குச் சொல்லுதல் பொருந்தும். போர் முடிந்ததும் அவர், தாம் எக்காலத்தும் சமாதானத்துக்கே பாடுபட்டவர் என்று மேடையேறி அரசியல்வாதியாகின்றார். பிறரைத் தியாகம் செய்யச் சொன்னவர் தாம் எதையும் இழக்கவில்லை. தியாகத்தின் கூலியை மாத்திரம் வாங்கிக்கொண்டார்.

நமக்கும் இதற்கும் என்ன?

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்க்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பே. 1942 முதல் 1945 வரை ஜப்பானியப் படையின் ஆட்சியை நம் முன்னோர் அனுபவித்தனர். தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, காட்டில் காலராவுக்கும் பட்டினிக்கும் இரையானவர் கணக்கில் அடங்கார். வீட்டில் காத்திருந்த பெண்டு பிள்ளைகளுக்குச் சாவுச் செய்திகூட வரவில்லை. ஹிரோஷிமாச் செய்தியை அடுத்துவந்த சரணடைவு, இங்கே விடுதலைச் செய்தியாகவே கேட்கப்பட்டது. அங்ஙனமிருக்க, ஹிரோஷிமாச் சிறுவனுக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்?

இக்கேள்வியை நாகஸாவா மறைக்கவில்லை. ஜப்பானியப் படை ஆசிய மக்களுக்கு இழைத்த கொடுமைகளைப் பத்தாம் பாகத்தில் கென்னின் வாயிலாகவே பட்டியலிடுகின்றார். சக்கரவர்த்தியின் பொறுப்பையும் அஞ்சாது கேட்கின்றார். தன் இழப்பைச் சொல்லுபவன், தன் நாட்டவர் பிறர்க்கு விளைத்த இழப்பையும் சேர்த்துச் சொன்னாலன்றி அவன் சொல்லில் நேர்மை இராது என்று அவர் கருதினார் போலும். சயாம் காட்டில் மாண்ட தொழிலாளியும் உத்திரத்தின்கீழ் வெந்த ஷின்ஜியும் ஒருவரையொருவர் அறியார். இருவரையும் பலியிட்டது ஒரே போர். இருவரிடமும் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

இதற்கு ஒரு நேரடிச் சான்றும் உண்டு. தென்கிழக்காசியாவிலிருந்து ஜப்பான் அரசாங்கம் படிப்புக்காக அழைத்துச் சென்ற மாணவரில் மலாயாவைச் சேர்ந்த மூவர் 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் இருந்தனர். நிக் யூசோப் அங்கேயே மாண்டார். சையத் ஓமார் சில வாரங்களுக்குப் பின் கியோட்டோவில் உயிர் நீத்தார். அவருடைய கல்லறை அந்நகரில் இருக்கின்றது. அப்துல் ரசாக் பிழைத்து நாடு திரும்பி, மாணவர்க்கு ஜப்பானிய மொழி கற்பித்து, 2013ஆம் ஆண்டில் மறைந்தார். தம் தோழரைக் கொன்ற நகரத்தின் மொழியை வாழ்நாளெல்லாம் பிறர்க்குக் கற்பித்த அவருடைய செயலும் கென்னின் அன்பைச் சேர்ந்ததே.

நூலின் தலைவிதி

நாகஸாவா 2012ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். அதே மாதத்தில் ஜப்பானின் மாட்சுவே நகரக் கல்வி அதிகாரிகள், படையின் கொடுமைகளைக் காட்டும் சித்திரங்கள் பிள்ளைகளுக்கு ஆகா என்று சொல்லி, இந்நூலைப் பள்ளி நூல்நிலையங்களில் கைக்கெட்டாத இடத்தில் வைக்கச் செய்தனர். செய்தி வெளிப்பட்டு எதிர்ப்பு வலுக்கவே, 2013 ஆகஸ்டில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஹிரோஷிமா நகரத்திலேயே 2023ஆம் ஆண்டில் சமாதானப் பாடப்புத்தகத்தினின்று இக்கதைப் பகுதி எடுக்கப்பட்டது. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பத் தயங்காத உலகம், போரின் படத்தை அவர்கள் பார்ப்பதற்கு மாத்திரம் அஞ்சுகின்றது!

நம் வீடுகளிலும் சயாமுக்குச் சென்று திரும்பாத ஒருவரின் பெயர் இருக்கலாம். பாட்டிமாரும் பாட்டனாரும் அதனை முணுமுணுத்துவிட்டு மௌனமாகியிருக்கலாம். ஒரு தாயின் சாம்பலில் எலும்பில்லாமையைக் கண்ட மகன், பத்துப் பாகம் எழுதினார். காட்டில் புதைக்கப்படாமலே கிடந்த நம்மவர்க்கு நாம் எழுதியது எவ்வளவு? முதியோர் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் தோட்டத்தையும் குறித்து வைப்பது பெரும் புலமை வேண்டும் காரியமன்று. ஒரு பென்சிலும் பள்ளிக்கூடத்து நோட்டும் போதும். அவ்வேலையை இன்றே தொடங்குவோமாக.